மறைந்ததெல்லாம் அழிந்ததன்று

1984-இல் நடுவணரசு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தின் வாயிலாக நம் நாட்டுப் பள்ளிகளுக்கு ‘பிபிசி மைக்ரோ’ என்னும் கணிப்பொறி வந்தது. அதில் ‘பேசிக்’ பயின்ற சிறார் பலர் இன்று பெற்றோராயிருப்பர். அவர்கள் பின்வருவனவற்றை மறந்திரார்.

திரை ‘மோடு 2’ நிலையிலிருக்கையில், ‘கலர் 1’ என ஆணையிட்டால் இனி எழுதும் எழுத்துச் சிவக்கும். பின்புல நிறத்துக்கு எண்ணுடன் 128-ஐக் கூட்டவேண்டும். ‘கலர் 132’ எனில் நீலம். ‘கலர் 0’ என்றாலோ கறுப்புத் திரையில் கறுப்பெழுத்து! ‘லிஸ்ட்’ என்று கேட்டாலும் ஒன்றுந் தெரியாது. நிரல் அழிந்ததென்று குழந்தை கலங்கும். அழியவில்லை, கண்ணுக்குப் புலப்படாவிடினும் மீண்டும் ‘மோடு 2’ என்று தட்டினால் வெள்ளெழுத்துத் திரும்பும்.

ஓடும் நிரலை நிறுத்துவது ‘எஸ்கேப்’ விசை. தவறி ‘பிரேக்’ விசையில் விரல் பட்டால் நிரலே மறைந்துவிடும். அப்போதும் ‘ஓல்டு’ என்ற ஒரு சொல் அதனை மீட்டுத் தரும். ஆனால் பதற்றத்தில் புதிய வரியொன்றை எழுதிவிட்டால் பழையது மீளாது.

இன்றைய பொறிகள் வேறு. எனினும், செய்தது காணாமற் போயிற்றென்று பிள்ளை அழுதால், “கையை எடு, முதலில் எண்ணிப் பார்” என்று கூறுவோமாக. பல இழப்புகள் அதற்குப் பின்னரே நேர்கின்றன.