‘யார்?’ என்று கேட்காத ஆங்கிலம்

முதல் வருச ஆங்கில வகுப்பில் எங்களுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். மேலே பத்து வரியில் ஒரு சின்ன வாசிப்பு, ‘பெருந்தோட்டச் சமூகம்’ என்று தலைப்பு. கீழே கீறிட்ட இடங்கள். பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் நிரப்ப வேண்டிய தொடர்கள்: பெக்போன் ஒஃப் த எகொனமி, விஷஸ் சைக்கிள், மேக் எண்ட்ஸ் மீட், ரூட் கோஸ், இட் இஸ் ஹை டைம்.

நாங்கள் நாலு பேர், ராகலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இருந்து கலைப்பீடத்துக்குப் போனவர்கள். நாலு பேருக்கும் பத்துக்குப் பத்து. தோட்டத் தொழிலாளர் நாட்டின் பொருளாதாரத்தின் முதுகெலும்பு. வறுமையின் நச்சுச் சுழலில் சிக்கியிருக்கிறார்கள். வரவையும் செலவையும் கட்டி முடிக்கக் கஷ்டப்படுகிறார்கள். கல்வியின்மையே மூலகாரணம். ஏதாவது செய்வதற்கு இதுவே தக்க தருணம். எல்லாம் சரியாகப் போட்டிருந்தோம். இரவு விடுதியில் ஒருத்திதான் கேட்டாள்: “மச்சான், அது எங்க அம்மாவப் பத்தின கதைதானே? ஆனா அதுல எங்க அம்மா இல்லையே?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியில் இருந்துதான் வருகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. கெம்பஸில் ஆங்கிலத்துக்கு ‘கடுவ’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. சிங்களத்தில் வாள் என்று அர்த்தம். அது யார் கையில் இருக்கிறது, யார் கழுத்தில் விழுகிறது என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. எங்களுக்கும் அந்த வாள் வேண்டும். தொடர்களை மனப்பாடம் செய்வதும் தப்பில்லை. எந்த மொழியையும் ஆள் அப்படித்தான் படிக்கிறது. சொல்லைச் சொல்லாகப் பொறுக்கிக்கொண்டிருந்தால் ஒரு வாக்கியமும் வாயில் வராது. சமூகப் பிரச்சினைகளைப் பற்றி வாசித்து ஆங்கிலம் பழகுவது, ‘பூனை பாயில் இருந்தது’ என்று பழகுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். வகுப்பெடுத்த மிஸ்மார் மீதும் எங்களுக்குக் கோபம் இல்லை.

எங்கள் சண்டை, பெட்டிக்குள் எந்தத் தொடர்கள் இருக்கின்றன என்பதோடுதான்.

அந்தப் பெட்டியை இன்னொருமுறை பாருங்கள். முதுகெலும்பு, நச்சுச் சுழல், மூலகாரணம், விளிம்புநிலை. ஒன்றிலாவது ஆள் இருக்கிறாரா? யாரோ ஒருவர் யாருக்கோ ஏதோ செய்தார் என்று இருக்கிறதா? வறுமை தானாகச் சுழல்கிறது. சம்பளம் தானாகக் குறைவாக இருக்கிறது. ‘தே வேர் டிப்ரைவ்ட் ஒஃப் சிட்டிசன்ஷிப்’ என்று ஒரு வரி இப்படியான வாசிப்புகளில் தவறாமல் வரும். அவர்கள் குடியுரிமை இழந்தார்கள். மழையில் குடை தொலைந்த மாதிரி.

தொலையவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை இந்த நாட்டின் பாராளுமன்றம் நிறைவேற்றியது. அதற்கு முந்தின வருசம் நடந்த தேர்தலில் எங்கள் ஆட்கள் வாக்குப் போட்டு, மலையகத்தில் இருந்து ஏழு இலங்கை இந்திய காங்கிரஸ் உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அடுத்து 1949இல் வாக்குரிமையும் பறிபோனது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். நாடற்றவர்களாக எஞ்சி நின்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல். இத்தனையும் தேதி போட்ட, இலக்கம் போட்ட, கையெழுத்துப் போட்ட காரியங்கள். ‘டிப்ரைவ்ட்’ என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவையும் மடித்து வைத்துவிட்டு, எங்களிடம் கீறிட்ட இடத்தை நிரப்பச் சொல்கிறார்கள்.

இது வெறும் வகுப்பறைப் பிரச்சினை என்று நினைக்கிறவர்களுக்கு எங்கள் கடிதக் கதையைச் சொல்கிறோம்.

இரண்டாம் வருச லீவில் ஊருக்கு வந்திருந்தோம். விடாத மழை. எங்களில் ஒருவரின் லயத்துக்குப் பின்னால் மண்மேட்டில் வெடிப்பு விழுந்திருந்தது. தொங்கல் காம்பராவுக்குள் இரவில் தண்ணீர் கசிந்தது. “யுனிவர்சிட்டிப் புள்ளைங்க இருக்கீங்கதானே, இங்கிலீஷ்ல ஒரு கடிதாசி எழுதுங்க, அதுக்குத்தான் மதிப்பு” என்றார்கள். தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழிதான். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்திலேயே போட்டாகிவிட்டது. ஆனால் லயத்து ஆட்களின் கணக்கு வேறு. பெரியவர்களிடம் போய் அரசியலமைப்பு பேசவா முடியும்? உட்கார்ந்து எழுதினோம்.

நாலு பேரும் சேர்ந்து எழுதிய அந்தக் கடிதம் எங்கள் ஃபோனில் இன்னும் இருக்கிறது. வாசிக்க வெட்கமாக இருக்கிறது. வல்னரபிள் கொமியூனிட்டி இருக்கிறது. டேர்ன் எ பிளைண்ட் ஐ, அதாவது கண்டும் காணாத மாதிரி இருப்பது, இருக்கிறது. இட் இஸ் ஹை டைம் இரண்டு இடத்தில் இருக்கிறது. நெசசரி ஸ்டெப்ஸ் எடுக்கும்படி தாழ்மையாகக் கேட்டிருக்கிறோம். எந்த லயம், எத்தனை குடும்பம், வெடிப்பு எத்தனை அடி, எந்தத் தேதியில் இருந்து, யார் எப்போது வந்து பார்க்க வேண்டும், ஒன்றும் இல்லை. பத்துக்குப் பத்து வாங்கிய ஆங்கிலம்!

பதில் வந்தது. அதுவும் ஆங்கிலத்தில்தான். உங்கள் கடிதம் கவனத்தில் எடுக்கப்பட்டது, உரிய நடவடிக்கை ‘இன் டியூ கோர்ஸ்’ எடுக்கப்படும். நாங்கள் அதை வாசலில் நின்று தமிழில் வாசித்துச் சொன்னோம். ஒரு பெரியம்மா கேட்டார்: “எல்லாம் சரி புள்ள. எப்ப வருவாங்கன்னு போட்டிருக்கா? யாரு வருவாங்கன்னு போட்டிருக்கா?”

போட்டிருக்கவில்லை. நாங்களும் கேட்டிருக்கவில்லை. அந்த அலுவலகத்துக்கு நாங்கள் கொடுத்தது நாலு ஆயத்தத் தொடர். அவர்கள் திருப்பித் தந்தது இரண்டு ஆயத்தத் தொடர். கடன் தீர்ந்தது.

அந்தப் பெரியம்மா எட்டாம் வகுப்போடு மலைக்குப் போனவர். ஆனால் அவருக்குத் தெரிந்த கேள்வி எங்கள் நாலு பேருக்கும் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? எங்களுக்குக் கேட்கப் பழக்கவே இல்லை. எங்களைப் பற்றி மற்றவர்கள் பேசும் மொழியை எங்களுக்குப் பழக்கினார்கள். அறிக்கை எழுதுகிறவரின் ஆங்கிலம், செமினார் நடத்துகிறவரின் ஆங்கிலம், வெளிநாட்டுக்காரருக்கு லயத்தைச் சுற்றிக் காட்டுகிறவரின் ஆங்கிலம். அந்த ஆங்கிலத்தில் நாங்கள் எப்போதும் பேசப்படுகிறவர்கள்தான். பேசுகிறவர்கள் இல்லை.

“இது ஆங்கிலத்தின் குற்றமா? தமிழிலும் இதே கதைதானே” என்று கேட்கலாம். நியாயம். மே தின மேடையில் ‘நாட்டின் முதுகெலும்பு’ என்று கேட்டுக் கேட்டு எங்கள் முதுகே வலிக்கிறது. கலைப்பீடத்துத் தமிழ்க் கட்டுரைகளில் ‘விளிம்புநிலை மக்கள்’ இல்லாத பக்கம் குறைவு, நாங்கள் எழுதியவை உட்பட. ஆனால் தமிழில் எங்களுக்கு வேறு சொற்களும் கையில் இருக்கின்றன. ‘மேக் எண்ட்ஸ் மீட்’ என்பதை எங்கள் வீட்டில் “கைக்கும் வாய்க்கும் பத்தல” என்று சொல்வார்கள். அதோடு நிற்கமாட்டார்கள். “இந்த மாசம் மூணு நாள் அரைப் பேர் போட்டுட்டாங்க, அதான்” என்று காரணமும், செய்த ஆளும் பின்னாலேயே வருவார்கள். ஆங்கிலத்தில் எங்களுக்குக் கிடைத்தது முதல் பாதி மட்டும்.

இத்தனைக்கும் ஆங்கிலம் இந்த மலைக்குப் புதிது இல்லை. எங்கள் விலாசங்களே ஆங்கிலம்: புரூக்சைட், லிடெஸ்டேல், ஹைபொரஸ்ட். செக்ரோலும் லயமும் டிவிசனும் எங்கள் பாட்டன்மார் வாயில் தமிழாகிப் போனவை. துண்டு என்று ஒன்று இருந்தது தெரியுமா? தொழிலாளியும் கங்காணியும் ஒரு தோட்டத்தில் இருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இவ்வளவு கடனைக் கட்டினால் இவர்களை விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. சின்னச் சீட்டுதான், அதில் தொகை மட்டும் தெளிவாக இருக்கும். அந்த முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். எங்களைக் கட்டிப் போட்ட எழுத்தில் எல்லாம் ஆளும் தொகையும் சுத்தமாக இருந்தன. எங்கள்மேல் இரக்கப்படும் எழுத்தில் மட்டும்தான் அவை காணாமல் போகின்றன.

இதைப் புரிந்துகொண்டவர்கள் எங்களுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறார்கள். கோ. நடேசய்யர் 1920களில் தமிழில் ‘தேசநேசன்’ நடத்தினார், ஆங்கிலத்தில் ‘சிட்டிசன்’ நடத்தினார். தொழிலாளியிடம் ஒரு மொழி, அதிகாரத்திடம் இன்னொரு மொழி. மடகொம்பரை தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் பாராளுமன்றம் போன அந்த ஏழு பேரில் ஒருவர். ‘போர்ன் டு லேபர்’ அவர் ஆங்கிலத்தில் எழுதியது. அதைத் தோட்டத்துக்கு வெளியே இருந்து வந்த ஒருவர் எழுதவில்லை, உள்ளே பிறந்தவர் எழுதினார். அவர் கையில் இருந்ததும் அதே வாள்தான்.

தூரத்தில் இருந்தும் ஒரு உதாரணம் சொல்லலாம். 1963இல் பிரேசிலின் ஆங்கிகோஸ் என்ற ஊரில் பாவ்லோ ஃப்ரெய்ரே ஏறக்குறைய 300 பேருக்கு 40 மணித்தியாலத்தில் எழுத்தறிவு கொடுக்கும் வேலையில் இறங்கினார். சொற்களை முதலில் அந்த மக்களின் வாயில் இருந்து எடுத்தார். அவர்கள் நாளும் கையாளும் பொருளின் பெயர், செய்யும் வேலையின் பெயர். அந்தச் சொல்லை வைத்துப் பேச்சு, பேச்சில் இருந்து எழுத்து. சமூகப் பிரச்சினையை வைத்து மொழி பழக்குவது என்றால் அது. எங்கள் தாளில் நடந்தது தலைகீழ். தொடரை முதலில் தெரிவு செய்துவிட்டு, அதைத் தொங்கப் போட ஒரு பிரச்சினையைத் தேடியிருக்கிறார்கள். அந்த ஆணியில் மாட்டினது எங்கள் அம்மாமார்.

சரி, வேறு என்னத்தைப் பழக்குவது? எங்களுக்குத் தெரிந்த வாசிப்புகள் சிலவற்றைச் சொல்கிறோம். சம்பளச் சீட்டு ஒரு வாசிப்பு. அதில் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதம் கழிகிறது, கம்பனி 12 சதவீதம் போட வேண்டும். போட்டார்களா? எங்கே பார்ப்பது? 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க சேவைக்காலப் பணச் சட்டம் ஒரு வாசிப்பு. ஐந்து வருசம் வேலை செய்த நாட்கூலிக்காரர் விலகும்போது வருசத்துக்கு 14 நாள் சம்பளம் என்று அதில் இருக்கிறது. சம்பள நிர்ணய சபையின் வர்த்தமானி ஒரு வாசிப்பு. நாள் சம்பளம் 2021 மார்ச்சில் 1000 ரூபா ஆனது, 2024 செப்டெம்பரில் 1350 ரூபா ஆனது. இரண்டும் எந்தச் சொற்களில் எழுதப்பட்டன?

இவற்றிலும் ஆயத்தத் தொடர்கள் நிறைய உண்டு. ‘ஷெல் பே’, கட்டாயம் கொடுக்க வேண்டும். ‘நொட் லெஸ் தேன்’, இதற்குக் குறையாமல். ‘ஒன் ஓர் பிஃபோர்’, இந்தத் தேதிக்குள். ‘அண்டர் செக்ஷன்’, இந்தப் பிரிவின் கீழ். பெட்டிக்குள் இவற்றைப் போடுங்கள். கீறிட்ட இடத்தை நாங்கள் சந்தோசமாக நிரப்புகிறோம். பழைய தாள்களையும் கிழித்துப் போட வேண்டியதில்லை. ஓரத்தில் மூன்று கேள்வியை மட்டும் சேருங்கள்: யார்? எப்போது? எவ்வளவு? ‘டிப்ரைவ்ட்’ என்று நிரப்பிய பிள்ளை, பறித்தது யார் என்றும் ஒரு வாக்கியம் எழுதட்டும். ஆங்கில இலக்கணத்தில் செயப்பாட்டுவினையைச் செய்வினையாக மாற்றும் பயிற்சி ஏற்கெனவே இருக்கிறது. அதை எங்கள் கதையில் செய்யச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

“இதெல்லாம் இண்டர்வியூவுக்கு உதவுமா?” என்று ஒரு தம்பி கேட்டான். உதவும். ‘இன் டியூ கோர்ஸ்’ என்று வந்த கடிதத்துக்கு ‘எந்தத் தேதிக்குள்’ என்று ஆங்கிலத்தில் திருப்பி எழுதத் தெரிந்த ஒருவர் எந்த மேசைக்கு முன்னாலும் உட்காரலாம்.

அந்தக் கடிதம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். இரண்டாவது கடிதம் எழுதினோம். இந்தமுறை பெரியம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஆறு குடும்பம், இருபத்திரண்டு பேர், வெடிப்பு பதினெட்டு அடி, முதலில் கண்ட தேதி, முதல் கடிதத்தின் தேதி, வந்து பார்க்க வேண்டிய அதிகாரியின் பதவி, பதினாலு நாள். ஒரு பக்கம்கூட இல்லை. ஆங்கிலம் சுமார்தான், ஒரு இடத்தில் காலம் பிழை. பன்னிரண்டாம் நாள் ஒருவர் வந்து அளந்து எழுதிக்கொண்டு போனார். சுவர் இன்னும் கட்டவில்லை. மூன்றாவது கடிதம் போயிருக்கிறது.

லீவு நாட்களில் ராகலையில் சனிக்கிழமை வகுப்பு வைக்கிறோம். ஓ.எல்., ஏ.எல். தம்பி தங்கச்சிமார் வரலாம். புத்தகம் தேவையில்லை. வீட்டில் பெட்டிக்கு அடியில் யாருக்கும் விளங்காமல் மடித்து வைத்திருக்கும் ஆங்கிலக் கடிதம் ஒன்று இருக்கும். அதைக் கொண்டு வாருங்கள்.