கிழட்டு வண்டியின் கணக்குப் புஸ்தகம்

சேரப்பணஞ்சேரியில் குடியிருந்துகொண்டு பழைய மோட்டார் வண்டி வைத்திருப்பது, திருப்பதியில் குடியிருந்துகொண்டு குடுமி வளர்ப்பதைப் போன்ற காரியம். போகிறவர் வருகிறவர் எல்லாரும் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குப் போகும் சாலையில், படப்பையைத் தாண்டி, ஒரகடத்தை எட்டுவதற்கு முன்னால் இருக்கிறது இவ்வூர். ஒரகடத்து நாற்சந்தியை அடைந்துவிட்டால், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவதொரு வண்டித் தொழிற்சாலை கண்ணில் படாமல் இராது. ரெனால்ட்–நிஸ்ஸான் ஆலை 2010-ல் வந்தது. பாரத்பென்ஸ் லாரி ஆலை 2012-ல் வந்தது. என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் அதற்கு அடுத்த வருஷம். டயர் செய்கிறவர்களும் அங்கேயே இருக்கிறார்கள். புத்தம் புதுக் கார்களை இரண்டு அடுக்காகச் சுமந்துகொண்டு நீண்ட லாரிகள் இரவும் பகலும் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றின் பின்னால், இருபது வயதைக் கடந்த நமது ஸாண்ட்ரோ வண்டி அடக்க ஒடுக்கமாக ஊர்ந்து செல்லும். ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் முதல் முதலாக வெளிவந்த ஜாதியைச் சேர்ந்தது அது. பிறந்த ஊருக்குச் சமீபத்திலேயே முதுமையைக் கழிக்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிட்டும்?

பழைய வண்டிக்காரனைக் கண்டதும் எவரும் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு கொடுக்கிறது?" என்பதுதான். இதற்குப் பதில் சொல்லாதவர்களை நாம் பார்த்ததில்லை. "பதினெட்டு" என்பார் ஒருவர். "நெடுஞ்சாலையில் இருபதுக்குக் குறையவே குறையாது" என்பார் மற்றொருவர். கல்யாணத் தரகர் மாப்பிள்ளையின் சம்பளத்தைச் சொல்வது போலத்தான் இதுவும். எந்தச் சாலையில், எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு, எத்தனை லிட்டரைக் கொண்டு கண்ட கணக்கு என்று விசாரித்தால், பேச்சு மெதுவாக மழை, வெயில் பக்கம் திரும்பிவிடும். மைல் கல் போய்க் கிலோமீட்டர் கல் வந்து எத்தனையோ காலமாகியும் 'மைலேஜ்' என்ற சொல் நம்மை விட்டுப் போகவில்லை. அந்தச் சொல்லைப் போலவே, நாம் சொல்லும் எண்ணும் பெரும்பாலும் பழைய ஞாபகமாகவே இருக்கிறது.

ஞாபகத்தை நம்பிக் காலந் தள்ளிய வரையில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பெட்ரோலில் எத்தனால் என்னும் எரிசாராயத்தைக் கலக்க ஆரம்பித்த பிறகு விஷயம் சிக்கலாகிவிட்டது. 2022 ஜூன் மாதத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு என்ற அளவை எட்டினார்கள். 2025-ல் இருபது பங்கு ஆயிற்று. உடனே தேசமெங்கும் ஒரு பெரிய வாக்குவாதம் கிளம்பியது. "பாதி மைலேஜ் போய்விட்டது" என்று ஒரு கட்சி. "குறைவு என்பதே பிரமை" என்று எதிர்க் கட்சி. கலப்பில்லாத பெட்ரோலும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று கேட்ட மனுவை 2025 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டது. கோர்ட்டுக்குப் போனவர்கள் போகட்டும். தம்முடைய வண்டி 2022-ல் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடிற்று, இப்போது எத்தனை ஓடுகிறது என்று எழுதி வைத்திருக்கும் கிருகஸ்தர் எத்தனை பேர்? இந்த விவகாரத்தில் சாட்சி சொல்லத் தகுந்தவர்கள் அவர்கள்தாம்.

கணக்கு எழுதுவது என்றதும் பிரமாத ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். பால் கணக்கு எழுதும் நோட்டு ஒன்று போதும். பெட்ரோல் டாங்கியை முழுக்க நிரப்ப வேண்டியது. குழாய் தானாக 'டக்' என்று நின்றதும் நிறுத்திவிட வேண்டியது. "இன்னும் கொஞ்சம் போடட்டுமா, ஸார்?" என்று கேட்கும் பையனிடம் தாட்சண்யம் பார்க்கக்கூடாது. மீட்டரில் உள்ள கிலோமீட்டர் எண், தேதி இரண்டையும் எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்த தடவையும் அதே போல் நிரப்பி, போட்ட லிட்டரால் ஓடிய தூரத்தை வகுத்தால் தீர்ந்தது. ஒரே பங்க், ஒரே குழாய், வண்டி நிற்கும் பக்கமும் ஒன்றே என்றால் இன்னும் உத்தமம். குழாய் ஒரு நாள் சற்று முன்னதாக நின்றுவிடும்; ஒரு நாள் பின்னதாக நிற்கும். இதனால் ஒரு லிட்டர் வித்தியாசம் வரலாம். பத்து லிட்டர் போடுகிறவருக்கு அது நூற்றுக்குப் பத்துப் பிழை. முப்பது லிட்டர் போடுகிறவருக்கு மூன்று சொச்சம். பத்துத் தடவை நிரப்பி மொத்தமாகக் கணக்குப் பார்க்கிறவருக்கோ, அது இருக்குமிடமே தெரியாது.

அதிகாலையில் போட்டால் பெட்ரோல் கெட்டியாக இருக்கும், லாபம் என்று சிலர் கோழி கூவுமுன் பங்குக்குப் போய் நிற்கிறார்கள். பத்துப் பாகை உஷ்ணம் ஏறினால் பெட்ரோல் நூற்றுக்கு ஒரு பங்கு விரிவது மெய்தான். ஆனால் பங்கின் தொட்டி பூமிக்கடியில் இருக்கிறது. காலைக்கும் மாலைக்கும் அதன் உஷ்ணம் அவ்வளவாக மாறுவதில்லை. தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

சராசரி எடுப்பதில் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். நாம் பள்ளிக்கூட உபாத்தியாயராகையால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நெடுஞ்சாலையில் 300 கிலோமீட்டர் போகையில் லிட்டருக்கு 20. ஊருக்குள் 300 கிலோமீட்டர் சுற்றுகையில் லிட்டருக்கு 10. சராசரி எவ்வளவு? வகுப்பில் கேட்டால் "பதினைந்து" என்று கூட்டமாகக் குரல் எழும்பும். செலவானது 15 லிட்டரும் 30 லிட்டரும் ஆக 45 லிட்டர். ஓடியது 600 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் 13.3 தான் வருகிறது. மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுக்க வேண்டுமே தவிர, மைலேஜ் எண்களைக் கூட்டி இரண்டால் வகுக்கலாகாது.

மீட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கில்லை. சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றிற்று என்பதுதான் அதற்குத் தெரியும். புது டயரில் எட்டு மில்லிமீட்டர் ஆழமுள்ள பள்ளம் தேய்ந்து இரண்டுக்கு வரும்போது, சிறிய காரின் சக்கரம் நூற்றுக்கு இரண்டு பங்கு சிறுத்துவிடுகிறது. நாம் போகாத தூரத்தைப் போனதாக மீட்டர் காட்டும். மைலேஜும் உயர்ந்தது போல் தோன்றும். நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கற்களை வைத்து ஐம்பது கிலோமீட்டருக்கு ஒப்பிட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பின் ஆசனத்தில் இருக்கும் குழந்தைகளிடம் இந்த வேலையை ஒப்படைக்கலாம். அவர்களுக்கும் பொழுது போகும்.

விளம்பரத்தில் வந்த எண் வீட்டில் வரவில்லையே என்று வருத்தப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புனாவில் 1966 முதல் இருக்கும் ஆராய்ச்சிக் கழகத்திலும், ஒரகடத்தில் உள்ளது போன்ற நிலையங்களிலும் வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தி ஓட்டுகிறார்கள். சுமார் இருபது நிமிஷ ஓட்டம், உச்ச வேகம் மணிக்கு 90, குளிர்சாதனம் கிடையாது. பெட்ரோலை அளப்பதுகூட இல்லை. புகையில் உள்ள கரியைக் கணக்கிட்டு, எரிந்தது எவ்வளவு என்று கண்டுபிடிக்கிறார்கள். ஒரு வண்டியோடு இன்னொரு வண்டியை ஒப்பிட இது மிகவும் நேர்மையான முறை. ஆனால் அந்த உருளைகளின் மேல் ஒரகடத்துக் கண்டெயினர் லாரிகள் குறுக்கே வருவதில்லை. மாமியார் வீட்டுக்குக் கொண்டுபோகும் அரிசி மூட்டையும் கிடையாது.

நெடும் பயணமே நல்ல பரீட்சை. இங்கிருந்து ஒரகடம், சிங்கப்பெருமாள் கோயில் வழியாக ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்து, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர் என்று திருச்சி போய்ச் சேர ஏறத்தாழ 300 கிலோமீட்டர். மணிக்கு 80 என்று சீராகப் போனால் மூன்றே முக்கால் மணி. 100 என்று விரட்டினால் மூன்று மணி. மிச்சம் முக்கால் மணி நேரம். காற்று தடுக்கும் வலுவோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுவது. 80-க்கும் 100-க்கும் இடையில் அது ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. மிச்சம் பிடித்த முக்கால் மணியில் பாதியைப் பரனூர், விக்கிரவாண்டிச் சுங்கச் சாவடிகளிலும், மீதியைக் காப்பிக் கடையிலும் செலவழித்துவிட்டு, பெட்ரோல் போட மறுபடியும் நிற்பதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறதோ, நமக்கு விளங்கவில்லை. பெட்ரோலியச் சேமிப்புக்காக 1978-ல் ஏற்பட்ட சங்கம் 45 முதல் 55 வரையில் போகச் சொல்லுகிறது. அது உசிதமான யோசனைதான். ஆனால் இக்காலத்து நாற்கரச் சாலையில் அந்த வேகத்தில் போனால் பின்னால் வரும் பஸ்காரர் நம் வம்சத்தையே விசாரிப்பார். 70, 80 என்று இடது ஓரமாகப் போவது நம்முடைய வழக்கம்.

இப்படி எழுதி வைத்த எண் திடீரென்று சரிந்தால் வண்டிக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். சில வருஷங்களுக்கு முன் நமது வண்டி பதினாறை ஒட்டி நின்றது, இரண்டு மாதத்தில் பதினான்குக்கு இறங்கிற்று. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. ஓட்டத்திலும் யாதொரு மாறுதலும் தெரியவில்லை. ஒரு பட்டறையில் ரேடியேட்டர் வேலை செய்தபோது, "நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு?" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள் என்பது பிற்பாடுதான் தெரிய வந்தது. எஞ்சின் சுமார் 80 பாகைச் சூட்டுக்கு வரும் வரையில் தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் மறித்து நிற்பது அந்தச் சிறு கருவி. அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடேறாமலே ஓடும். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர், "இன்னும் குளிர் விடவில்லை" என்று எண்ணிப் பெட்ரோலைத் தாராளமாக ஊற்றும். நெடுஞ்சாலையில் சூடு காட்டும் முள் வழக்கமான இடத்திற்குக் கீழேயே கிடந்தால் இதைச் சந்தேகிக்கலாம். வெயில் தேசமாயினும் எஞ்சினுக்கு அதன் சூடு வேண்டும்.

மற்றொரு திருடன் பிரேக். காலை எடுத்த பிறகும் பிடியை முழுவதும் விடாமல் சக்கரத்தை உரசிக்கொண்டே வரும். நீண்ட ஓட்டத்திற்குப் பின், பிரேக்கை அதிகம் அழுத்தாமல் வண்டியை உருள விட்டு நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்க்கலாம். (தொட்டுவிட வேண்டாம்!) ஒன்று மட்டும் அனலாக வீசினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். டயர் காற்றைப் பற்றி எல்லாரும் சொல்லுகிறார்கள். ஆகவே ஒன்று மட்டும். வண்டி குளிர்ந்திருக்கும்போது, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டின்படி பார்க்க வேண்டும். காற்று வடிகட்டி அழுக்கானால் பெட்ரோல் குடிக்கும் என்பது கார்புரேட்டர் காலத்து வேதம். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தார் 2009-ல் சோதித்ததில், கம்ப்யூட்டர் உள்ள வண்டிகளில் வேகம் பிடிப்பது மந்தமாயிற்றே தவிர, பெட்ரோல் செலவு அவ்வளவாக மாறவில்லை. மாதா மாதம் வடிகட்டியை மாற்றச் சொல்லும் கடைக்காரரிடம் இதைச் சொன்னால் அவர் முகம் வாடிவிடும்.

இனி எத்தனால் வழக்குக்கு வருவோம். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு. இருபது பங்கு கலந்தால், சுத்தப் பெட்ரோலைவிடச் சக்தி நூற்றுக்கு ஏழுக்குச் சற்றுக் கீழே குறைய வேண்டும். நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையும், சுத்தப் பெட்ரோலுக்கென்று வடிவமைத்துப் பத்துப் பங்கு கலப்புக்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரையில் குறையும் என்றே மதிப்பிட்டிருந்தது. பத்துப் பங்கிலிருந்து இருபதுக்கு மாறியதால் ஏற்படும் குறைவு, சக்திக் கணக்கின்படி மூன்றரை சதவீதத்தை ஒட்டியது. அதாவது 2022 கடைசியில் 16 கொடுத்த வண்டி இப்போது 15½ கொடுத்தால், அது சாராயத்தின் கைவரிசை. 12 கொடுத்தால், சாராயத்தைத் திட்டிப் பயனில்லை. பிரேக்கையும் தெர்மோஸ்டாட்டையும் பார்க்க வேண்டும். "குறையவே இல்லை" என்று சொல்லும் பெரியவர்களிடத்திலும் அதே நோட்டைக் காட்டலாம். வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓடும் வீட்டில் அந்த அரைக் கிலோமீட்டருக்குச் சுமார் 20 லிட்டர் ஆகிறது. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,000 ரூபாய்.

நமது தேசம் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85-க்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. கரும்பிலும் தானியத்திலும் எடுத்த சாராயம் அதில் ஒரு பகுதியைக் குறைக்குமானால் நமக்குச் சந்தோஷமே. அந்தச் சந்தோஷத்துக்காக வருஷத்துக்கு இரண்டாயிரம் ரூபாய் கொடுக்கவும் பலர் சம்மதிப்பார்கள். ஆனால் சத்துக் குறைந்த லிட்டரைப் பழைய விலைக்கே விற்றுவிட்டு, "உங்களிடம் ஒன்றும் வாங்கவில்லை" என்பதுதான் பொறுக்கவில்லை. சுதேசிக் காரியத்துக்குக் கணக்கைக் கண்டு பயம் எதற்கு?

பழைய வண்டிக்காரர்களுக்கு மைலேஜைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. சுத்தப் பெட்ரோலுக்கென்று செய்த ரப்பர் குழாய்களையும் வளையங்களையும் எத்தனால் நாளடைவில் ஊதவும் வெடிக்கவும் செய்யும். ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், ஆகவே கோடை விடுமுறை முழுவதும் வண்டியை அரை டாங்கியோடு நிறுத்திவிட்டு ஊருக்குப் போவது நல்லதன்று. வருஷத்துக்கு ஒரு முறை பெட்ரோல் குழாய்களை விரலால் அழுத்திப் பார்த்து, பிசுபிசுப்பதையும் விண்டிருப்பதையும் எத்தனாலுக்குத் தாங்கும் தினுசாக மாற்றிவிட வேண்டும். இந்தச் செலவு லிட்டர் கணக்கில் சேராது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதி வருகிறோம். காலையில் கொட்டகையைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை அடித்தால், சாவியைத் திருகாமல், முதலில் மெக்கானிக்குக்கு ஆள் அனுப்ப வேண்டியது.