குணசேகரன் வீட்டு அடுப்படி

தொலைக்காட்சித் தொடர் என்றாலே நம் தோழர்களில் பலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். "அழுகை நாடகம், பெண்டுகள் சமாசாரம்" என்று தள்ளிவிடுகிறார்கள். இது சரியல்ல. ராஜபாளையம் பஞ்சாலைத் தொழிலாளியின் வீட்டிலும், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து விவசாயக் கூலியின் குடிசையிலும் இராச் சோற்றோடு எது பேசப்படுகிறதோ, அதை நாமும் பேசத்தான் வேண்டும்.

2022 பிப்ரவரியிலிருந்து 2024 ஜூன் வரை சன் தொலைக்காட்சியில் வந்த 'எதிர்நீச்சல்' தொடரை எடுத்துக்கொள்வோம். 'கோலங்கள்' தந்த திருச்செல்வம் இயக்கியது. மதுரையில் ஒரு பெரிய வீடு. மூத்தவன் ஆதி குணசேகரன்; அவனுக்கு மூன்று தம்பிகள். படித்த பெண்களைத் தேடிப் பிடித்து மருமகளாக்குவார்கள். பிறகு அடுப்படியே கதி என்று ஆக்கிவிடுவார்கள். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, கடைசியாக வந்த ஜனனி, நால்வர் கதையும் இதுதான்.

குணசேகரனாக நடித்த மாரிமுத்து நம் மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்; வருசநாடு பக்கம் பசுமலைத்தேரியில் பிறந்தவர். 2023 செப்டம்பர் 8 அன்று இதே தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் மாண்டார். வில்லனாக நடித்தவருக்காக வீட்டுக்கு வீடு துக்கப்பட்டார்கள். பின்னால் அந்த வேடத்தை ஏற்ற வேல ராமமூர்த்தி நல்ல எழுத்தாளர், நல்ல நடிகர். ஆனாலும் ஜனங்கள் பழைய குணசேகரனையே தேடினார்கள்.

ஏன்? அவன் கொம்பு முளைத்த அரக்கனாக வரவில்லை. நெஞ்சை நிமிர்த்திக் கூடத்தில் உட்கார்ந்து, 'நான் சொன்னதுதான் இந்த வீட்டில் சட்டம்' என்கிறான். நமக்குத் தெரிந்த பண்ணையார், மேஸ்திரி எல்லாம் நினைவுக்கு வருகிறார்கள். தோழர்களே, அதோடு நிறுத்திக்கொள்ளலாமா? ஆலை வாசலில் கூலி உயர்வுக்குக் கோஷம் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் "வெந்நீர் எங்கே?" என்று அதட்டுகிற நம்மவன் முகமும் அதில் தெரிகிறதே! அவன் மனைவியும் அன்று எட்டு மணி நேரம் அதே ஆலையில் நின்றவள்தான். ஆண்டாள் பிறந்த ஊரைச் சுற்றித்தான் இதுவும் நடக்கிறது. தன் துணையைத் தானே வரித்த பெண்ணுக்குக் கோயில் கட்டிவிட்டோம். நம் பெண்ணுக்கு அந்த உரிமையைக் கொடுத்தோமா?

தொடரில் எனக்கு மிகவும் பிடித்தது அப்பத்தா. பம்பாய் ஞானம் நடித்தது. சொத்தில் நாற்பது சதவீதம் கிழவியின் பேரில் இருக்கிறது என்று தெரிந்ததும் குணசேகரனுக்குத் தூக்கம் போய்விடுகிறது. அதிகாரத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த மேடையில் சொல்லிவிட முடியும்? பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. பத்திரம் எழுதும்போது மட்டும் "தங்கச்சி, ஒரு கையெழுத்துப் போட்டுரும்மா" என்று அண்ணன்மார் விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறார்கள்.

ஆனால் பங்கு கேட்கக் குழி நிலமும் இல்லாதவள் என்ன செய்வாள்? இங்கேதான் தொடர் நொண்டுகிறது. பெண்களுக்கு வழி காட்ட ஜீவானந்தம் என்று ஒரு பாத்திரம் வருகிறது, இயக்குநரே நடித்தார். பெயர் நல்ல பெயர்தான், நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் நாலு பெண்கள் சேர்ந்து செய்யவேண்டியதை ஒரு ஆண் வந்து முடித்துக் கொடுப்பானேன்?

2002-லிருந்து 2005 வரை வந்த 'மெட்டி ஒலி' இந்த வகையில் நமக்கு இன்னும் நெருக்கம். ஐந்து பெண்களைக் கரையேற்றப் பாடுபட்ட தகப்பன் சிதம்பரத்தை டெல்லி குமார் நடித்தார் என்று சொல்ல மனம் வரவில்லை; அப்படியே வாழ்ந்தார். 2020 ஊரடங்கில் மறுபடி போட்டபோதும் ஜனங்கள் உட்கார்ந்து பார்த்தார்கள்.

அந்தக் கல்யாணக் கவலையைத்தான் தமிழ்நாட்டு நூற்பாலைகள் பல காசாக்கின. சுமங்கலித் திட்டம் என்று பெயர். ஏழைப் பெண்ணை விடுதியில் அடைத்து வேலை வாங்கி, மூன்று வருஷம் கழித்துக் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தருகிறோம் என்றார்கள். தவணை முடியுமுன் உடம்பு கெட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் உண்டு. அந்தப் பெண்ணைக் கதாநாயகியாக வைத்து எத்தனை தொடர் வந்தது?

அவளும் 'எதிர்நீச்சல்' பார்த்திருக்க மாட்டாள். ஒன்பதரைக்குக் குணசேகரன் கூடத்தில் கத்திக்கொண்டிருந்தபோது, இரண்டாவது ஷிப்டில் அவள் அறுந்த இழையைச் சேர்த்துக்கொண்டிருந்திருப்பாள்.