திறப்பைத் திருப்பியதும் கேளுங்கள்

நண்பரொருவரின் பழைய கார் காலைக் குளிரில் உடனே கிளம்பும். நண்பகல் வெயிலில் நின்றபின் கிளம்ப மறுக்கும். ஒருநாள் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே பற்றரி ஓயுமட்டும் முயன்றார். பாவம், பற்றரியா குற்றவாளி?

எரிபொருளை அளந்து பீச்சும் இத்தகைய கார்களில், திறப்பைத் திருப்பியதும் பெற்றோல் தாங்கியினுள் மின்பம்பி இரண்டொரு வினாடி முனகும். முனகல் கேளாவிடில் பம்பியைப் பழிக்குமுன் பியூஸையும் றிலேயையும் பாருங்கள். 1990களின் யப்பானியக் கார்கள் சிலவற்றில், றிலேயினுள் ஈயப்பற்று மயிரிழையாய் வெடித்திருக்கும். சூடேறினால் மின்தொடர்பு அறும், ஆறினால் கூடும்.

2020இல் நின்ற கார் இறக்குமதி 2025இல்தான் மீண்டும் தொடங்கியது; பழையதைப் பேணுவதன்றி நமக்கு வேறு வழியிருக்கவில்லை. நண்பரோ புதுப் பம்பிக்கே பணம் புரட்டத் தொடங்கியிருந்தார். வானொலி திருத்துபவரொருவர் றிலேயில் இரண்டு ஈயப்பொட்டு வைத்தார். அன்று நண்பகலே கார் கிளம்பியது.