டிஸ்க் விலகல்: நகையை அடகு வைக்கும் முன்...

கேள்வி: 16 லிட்டர் கைத்தெளிப்பானைச் சுமந்து மருந்தடித்ததில் இடுப்பு ஜவ்வு விலகி, வலி இடது காலில் இறங்குகிறது. சிறுதுளை ஆபரேஷன் செய்தால் நடவுக்குள் வயலில் இறங்கலாம் என்கிறார்கள். நகையை அடகு வைக்கலாமா? பிசியோதெரபி போதுமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: பெரும்பாலோருக்கு அவசரம் இல்லை. பிதுங்கிய ஜவ்வு பலருக்குத் தானாகவே சுருங்கும். கால்வலி 6 முதல் 12 வாரங்களில் தணிவதே வழக்கம். 2007-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், 283 பேரில் சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி விரைவாகக் குறைந்தது. ஓராண்டு முடிவில் இரு தரப்பும் ஏறக்குறைய சமம். துளை சிறிதென்றால் தழும்புதான் சிறிது. மூட்டை தூக்க அப்போதும் சில வாரங்கள் பொறுக்க வேண்டும். காலில் இறங்காத வெறும் இடுப்புவலிக்கு இந்த ஆபரேஷன் பெரிதாக உதவாது.

ஆனால் சிறுநீர் அடைத்தாலோ, தன்னையறியாமல் போனாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் இழுபட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அங்கே ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது.

மற்றபடி, படுத்தே கிடக்காமல் நடங்கள். பிசியோதெரபி அரசு மருத்துவமனையில் உண்டு. நடக்க முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகிறார்கள். இந்தப் போகத்துக்குத் தெளிப்பானை வேறொருவர் சுமக்கட்டும். பவர் ஸ்பிரேயரும் முதுகுச் சுமைதான். தரையில் வைத்து ஓஸ் இழுத்து அடிப்பதை வாடகைக்குக் கேளுங்கள்.