கசகசா அடுக்களைக்கு மட்டுமே!



கார்த்திகை பிறந்ததும் கொங்கு நாட்டின் இரவுகள் குளிரத் தொடங்குகின்றன. குளிர்காலப் பூக்களை விதைப்பதற்கு உகந்த பருவம் இதுவே. பட்டுத்தாள் போன்ற மெல்லிய இதழ்களையுடைய பாப்பி மலரும் அப்பூக்களுள் ஒன்று. மலைவாசத்தலப் பூங்காக்களில் அதனைக் கண்டவர்கள், தம் வீட்டிலும் அது பூக்கவேண்டும் என விரும்புவது இயல்பே. “பாப்பி விதை என்பது குருமாவுக்கு அரைக்கும் கசகசாதானே? அதில் ஒரு பிடியைத் தூவினால் போதாதா?” என்று கேட்போரும் உளர். கூடவே கூடாது என்பதே விடை.

பாப்பியில் பல இனங்கள் உண்டு. கசகசாவைத் தருவது அபினிச் செடி. அதன் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பாலே அபினி ஆகிறது. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, உரிமம் இன்றி அச்செடியை வளர்ப்பது குற்றமாகும். 10 ஆண்டுகள் வரை கடுங்காவலும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில், அரசு குறித்தளித்த பகுதிகளில் மட்டுமே உரிமம் பெற்ற உழவர்கள் அதனைப் பயிரிடுகின்றனர். காயும் தண்டும் சட்டத்தின் பிடியில் உள்ளன. விதைக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவேதான் கசகசா மளிகைக் கடையில் கிடைக்கிறது. விற்பனைக்கு உள்ளதாலேயே விதைக்கவும் தக்கது என எண்ணிவிடலாகாது.

இன்னொரு செய்தியையும் மனத்திற் கொள்க. விதைக்கு நம் நாட்டில் உள்ள விலக்கு எல்லா நாடுகளிலும் இல்லை. ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் கசகசா தடை செய்யப்பட்ட பொருளாகும். வளைகுடாவில் பணிபுரியும் பிள்ளைக்குத் தாய் அன்போடு கட்டிக்கொடுக்கும் மசாலாப் பொட்டலமும், உம்ரா செல்வோர் பெட்டியில் வைக்கும் சிறு டப்பாவும் அவர்களைச் சிறைவாசல் வரை கொண்டு சென்றுவிடக்கூடும். கசகசா சேர்த்து அரைத்த பொடியையும் தவிர்ப்பதே அறிவுடைமை.

அப்படியாயின் பாப்பி வளர்க்கும் ஆசையைக் கைவிட வேண்டுமா? தேவையில்லை. கலிபோர்னியா பாப்பி, ஷெர்லி பாப்பி ஆகியவை அழகுக்காகவே வளர்க்கப்படுபவை, அபினி தராதவை. விதைக் கடையில் இப்பெயர்களைக் கேட்டு வாங்குங்கள். ‘பியோனி பாப்பி’ என்ற பெயரில் வருவது அபினிச் செடியின் வகையே என்பதால் அதனைத் தொடாதீர்கள். இலையைக் கொண்டும் இனம் காணலாம். அபினிச் செடியின் இலை மெழுகு பூசியதுபோல் நீலம் கலந்த பச்சை நிறத்தில், தண்டைத் தழுவி நிற்கும். ஷெர்லி பாப்பியின் இலையில் மயிர் அடர்ந்திருக்கும். கலிபோர்னியா பாப்பியின் இலையோ இறகுபோல் நுணுக்கமாகப் பிளவுபட்டிருக்கும்.

ஐப்பசி மழை ஓய்ந்தபின் விதையுங்கள். நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். எனவே கரிசல் மண்ணாயின் செம்மண்ணும் மணலும் மக்கிய உரமும் கலந்து இளக்கிக்கொள்ள வேண்டும். மாடியில் வளர்ப்போர் ஓரடி ஆழமுள்ள தொட்டியைப் பயன்படுத்தலாம். விதை மிக நுண்ணியது. ஆதலால் உலர்ந்த மணலோடு கலந்து தூவி, கையால் மெல்ல அழுத்திவிட்டால் போதும். மேலே கனமாக மண் மூடினால் முளைக்காது. பூவாளியால் மென்மையாக நீர் தெளியுங்கள். பெரும்பாலும் இரண்டு வாரங்களில் முளை தெரியும். ஆணிவேர்ச் செடியாதலால் பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. நெருக்கமாக உள்ளவற்றைக் களைந்து, செடிக்குச் செடி அரையடி இடைவெளி விடுங்கள். நல்ல வெயில் படவேண்டும். இரண்டு மூன்று மாதங்களில் பூக்கும். ஒரு பூ சில நாட்களே நிற்கும். வாடியவற்றைக் கிள்ளிவிட்டால் புதிய மொட்டுகள் தொடர்ந்து வரும். பங்குனி வெயில் ஏறியதும் செடி முடிந்துவிடும். குழந்தைகள் எப்பகுதியையும் வாயில் வைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

கொங்குப் பகுதியின் தரிசுகளில் மஞ்சள் பூவும் முள் இலையுமாக நிற்கும் பிரமதண்டும் பாப்பிக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதன் விதை கடுகைப் போலிருக்கும். 1998இல் டில்லியில் அவ்விதையின் எண்ணெய் கடுகெண்ணெயில் கலந்ததால் 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வேலியோரம் அது முளைத்தால் காய்க்குமுன் களைந்துவிடுங்கள்.

அடுக்களை விதை ஒன்றையே விதைத்துப் பார்க்க விரும்புவோருக்கும் ஒரு வழி உண்டு. நோன்பு திறக்கும்போது சர்பத்தில் மிதக்கும் கருநிற விதையையும் சிலர் ‘கசகசா’ என்றே அழைக்கின்றனர். அது திருநீற்றுப் பச்சிலையின் விதையாகும். நீரில் ஊறினால் வழுவழுப்பாக உப்பும்; வெண்ணிறக் கசகசா அவ்வாறு உப்பாது. கருநிற விதையைத் தயங்காமல் தூவலாம். கோவை வெயிலில் அது நன்கு தழைக்கும்; அதற்கு உரிமமும் வேண்டாம், அச்சமும் வேண்டாம்.