நம்ம மோட்டார் சாம்பல் எங்கே விழுது?

"யூரியா இல்லை, பூச்சிக்கொல்லி இல்லை, எல்லா இடுபொருளும் நம்ம தோட்டத்துலயே தயார்" என்று பெருமையாகச் சொல்கிறோம். நியாயமான பெருமைதான். ஆனால் வெளியிலிருந்து வரும் ஒரு இடுபொருளை நாம் கணக்கில் எழுதுவதே இல்லை. கிணற்று மோட்டாருக்கு வரும் கரண்ட்தான் அது.

ஒடிசாவின் தால்சேரில் வெட்டும் நிலக்கரி ரயிலில் பாரதீப் போய், அங்கே கப்பலேறி எண்ணூருக்கு வருகிறது. வெளிநாட்டு நிலக்கரியும் இங்கே இறங்குகிறது. 2001-இல் எண்ணூர் துறைமுகம் தொடங்கியதே முதன்மையாக மின்வாரியத்தின் நிலக்கரிக்காகத்தான். இறங்கிய கரி கன்வேயர் பெல்ட்டில் வடசென்னை அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. 2011-இல் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. அங்கே கரித்தூசு குறைந்தது, சுமை எண்ணூர் தலையில் ஏறியது.

நம் நாட்டு நிலக்கரி 100 கிலோ எரிந்தால் 35 முதல் 40 கிலோ சாம்பல் மிஞ்சும். ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரி வேண்டும். 5 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 4 யூனிட் இழுக்கும். கரி மின்சாரத்தில் ஓடினால், மணிக்கு ஒரு கிலோ சாம்பல்! காற்றாலை, நீர்மின்சாரமும் நமக்கு வருகிறது, உண்மைதான். ஆனாலும் கரியின் பங்கு பெரிசு.

அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடைந்து கசிந்த இடமெல்லாம் கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் சாம்பல் படிந்து கிடக்கிறது. இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்த மீனவக் குடும்பங்கள் சேற்றோடு சாம்பலை மிதிக்கின்றன. இது அடுப்புச் சாம்பல் இல்லைங்க. ஆர்சனிக், ஈயம், பாதரசம் எல்லாம் கலந்தது. "மண்ணுக்கு நல்லது" என்று யாராவது லாரியில் கொண்டுவந்தால் வரப்பிலேயே திருப்பி அனுப்புங்கள்.

இதைச் சொல்வதால் இலவச மின்சாரத்தை விட்டுக்கொடுக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கட்டண உயர்வை எதிர்த்து 1970-இல் பெருமாநல்லூரில் உழவர்கள் குண்டடிபட்டுச் செத்தார்கள். அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியாக வந்த உரிமை அது. ஆனால் நம் உரிமையின் விலையை எண்ணூர்க்காரர் கட்டக்கூடாது.

என்ன செய்யலாம்? மூடாக்கு போட்டால், வரப்பை உயர்த்தி மழைநீரை வயலிலேயே நிறுத்தினால், நிலத்துக்கு ஏற்ற வறட்சி தாங்கும் பாரம்பரிய நெல்லை விதைத்தால் மோட்டார் ஓடும் நேரம் குறையும். ஊர் ஏரியைத் தூர்வாரினால் கிணறு ஊறும். இதெல்லாம் நாம் ஏற்கெனவே செய்வதுதான், எண்ணூரையும் நினைத்துச் செய்வோம்.

கூடவே ஒரு கோரிக்கையும் வேண்டும். ஆற்றில் கிடக்கும் சாம்பலை அள்ளாமல் அங்கே இன்னொரு அனல்மின் அலகு கூடாது. மீனவர்கள் பல வருஷமாகச் சொல்வது இது. மண்ணைப் பற்றிப் பேசும் நாமும் அவங்க பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும்.